சபைத் தமிழை வாசலில் கழற்றிவிட்டுப் போங்கள்

"பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு சுவிசேஷம் சொல்லுங்க" என்று பிரசங்கம் கேட்காத விசுவாசி யாரும் இருக்க முடியாது. எப்படிச் சொல்வது என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த சபைதான் குறைவு. அதனால் சிலர் பஸ் ஸ்டாண்டில் நூறு கைப்பிரதி விநியோகித்துவிட்டு, இந்த மாதக் கடமை முடிந்தது என்று வீட்டுக்கு வருகிறார்கள். மற்றவர்கள் "அதெல்லாம் பாஸ்டர் வேலை" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்கியவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்ற பயம்தான்.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. வாயைத் திறந்தால் வருவது சபைத் தமிழ். இருபது வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்டுக் கேட்டு அது நமக்குத் தாய்மொழி ஆகிவிட்டது. எதிரே இருப்பவருக்கு அது வேற்றுமொழிகூட இல்லை. அதே சொற்கள், வேறு அர்த்தங்கள். புரியாவிட்டாலாவது திருப்பிக் கேட்பார். தப்பாகப் புரிந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

முதலில் 'பாவி'. எல்லாரும் பாவிகள் என்று ரோமர் மூன்றாம் அதிகாரத்திலிருந்து எடுத்துச் சொல்கிறோம். கேட்பவர் காதில் அது 'அடப்பாவி'யாக விழுகிறது. தெருவில் பாவம் என்ற சொல்லுக்கு இரண்டு உபயோகம்தான். ஒன்று இரக்கம்: "பாவம், அந்தப் பிள்ளை வெயில்ல நிக்குது." மற்றது, பெண் பாவம், பசுவைக் கொன்ற பாவம் என்று ஏழு தலைமுறைக்கும் ஒட்டும் பெருங்குற்றம். இரண்டிலும் தான் இல்லை என்றே ஒரு சராசரி மனிதர் நினைப்பார். "நான் யாருக்கும் கெடுதல் பண்ணல சார்" என்ற பதில் வருவது அதனால்தான். அது அகங்காரம் இல்லை. அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, "தப்புன்னு தெரிஞ்சே செய்யிறோம், அப்புறம் ராத்திரி தூக்கம் வராம புரண்டு படுக்கிறோம்ல, அது" என்று சொல்லிப் பாருங்கள். மறுப்பவர் அநேகமாக இருக்க மாட்டார்.

'மறுபடியும் பிறக்க வேண்டும்' இதைவிடச் சிக்கல். யோவான் மூன்றாம் அதிகாரத்தில் நிக்கொதேமுவே குழம்பினார். அவர் யூத போதகர். சைவக் குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு இனிப் பிறவாமல் இருப்பதுதான் வாழ்நாள் வேண்டுதல். அவரிடம் போய் மறுபடி பிறக்கச் சொல்வது, கடனை அடைக்கத் தவிக்கிறவனிடம் புதுக் கடன் தருகிறேன் என்று சொல்வது மாதிரி.

'அபிஷேகம்' என்றால் பாலும் தயிரும் சந்தனமும். 'ஆவியானவர் இறங்கினார்' என்றால் அம்மன் கோயில் கொடையில் சாமி இறங்குவது. இல்லாவிட்டால் பேய் பிடிப்பது. 'இரத்தத்தால் கழுவப்பட்டேன்' என்றால் கிடாவெட்டு. 'சாட்சி' என்றால் கோர்ட்டு. 'இரட்சிப்பு' என்றால் ஒன்றுமே இல்லை. அதற்குக் 'காப்பாத்தினார்' என்ற நல்ல தமிழ்ச் சொல் சும்மா கிடக்கிறது.

'தேவன்' என்ற சொல்கூட இந்திரன் முதலான தேவர்களில் ஒருவர் என்றுதான் பலர் காதில் விழும். இதில் நாம் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மொழிபெயர்த்தவர்களே முந்நூறு வருடமாகத் தடுமாறியிருக்கிறார்கள். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கி, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சில் கொண்டுவந்தார். அதற்குப் பின் வந்த பப்ரிசியுஸ் பைபிளில் 'பராபரன்'. நாம் இன்றைக்கும் கையில் வைத்திருக்கும் 1871-ஆம் ஆண்டு ஹென்றி பவர் தலைமையில் வந்த திருப்புதலில் 'தேவன்'. கத்தோலிக்கர் வெகுகாலம் 'சர்வேசுரன்' என்றார்கள். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'கடவுள்'. பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச 'கடவுள்' போதும்.

கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து சொல்வதைத்தான் சபையில் சாட்சி என்கிறோம். அந்தச் சாட்சி நேரத்தில் நாம் சொல்வது இப்படி இருக்கும்: "அந்தகாரத்தில் கிடந்த என்னைக் கர்த்தர் தம்முடைய மகா கிருபையினாலே தெரிந்துகொண்டு, உளையான சேற்றிலிருந்து தூக்கியெடுத்து, ஆவியினாலே நிரப்பி, இந்நாள்வரைக்கும் நடத்தி வந்திருக்கிறார், அவருக்கே ஸ்தோத்திரம்." நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் என்ன நடந்தது? யாருக்கு, எந்த ஊரில், எப்போது? ஒரு தகவலும் இல்லை. இதையே யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதால் யாரும் நம்ப வேண்டியதில்லை.

மாதிரிக்கு, சேற்றுக்குப் பதில் சம்பவத்தை வைத்தால்: "அப்பா செத்த பிறகு வீட்டுப் பங்குத் தகராறுல அண்ணன்கூடப் பேச்சே இல்ல. ஒரே தெரு, பதினோரு வருஷம். பைபிள்ல மன்னிக்கிறதைப் பத்தி வாசிச்சப்ப எனக்குக் கோபம்தான் வந்துச்சு. ஆனா அது விடவே இல்ல. 'என்னால முடியாது சாமி, நீங்கதான் செய்யணும்'னு ஜெபம் பண்ணினேன். மூணு வாரம் கழிச்சு அண்ணன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். கதவைத் திறக்கல. ரெண்டாவது தடவைதான் திறந்தாரு. பங்கு இன்னும் பிரியல. ஆனா இப்ப பேசிக்கிறோம்."

இதில் எடுபடுவது மூன்று விஷயம். திறக்காத கதவு, பொய் சொல்கிறவன் முதல் தடவையே திறந்ததாகத்தான் சொல்வான். 'இன்னும் பிரியல' என்ற வரி. அப்புறம், செய்தது தான் இல்லை என்று பேசுகிறவரே ஒத்துக்கொள்வது. நம்மவர்கள் பலர் சறுக்குவது கடைசிப் பகுதியில். "இப்ப எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்று முடிப்பார்கள். மாதாமாதம் நகைக்கடன் வட்டி கட்ட நீங்கள் பேங்கில் நிற்பதைப் பார்த்த ஆளிடம்தான் அதைச் சொல்கிறீர்கள்.

எழுதிப் பார்க்காமல் இது வராது. நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு முந்நூறு சொல் தாராளம். கோடு போட்ட நோட்டில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். அமைப்புக்கு அப்போஸ்தலர் 26-ல் பவுல் அகிரிப்பா ராஜா முன்னால் பேசியதை எடுத்துக்கொள்ளுங்கள். 4 முதல் 11 வரை முன்பு எப்படி இருந்தேன், 12 முதல் 18 வரை என்ன நடந்தது, 19 முதல் 23 வரை அதற்குப் பிறகு. நம்மவர்கள் பழைய வாழ்க்கைக்கு நிமிடக் கணக்கு பார்ப்பதே இல்லை. குடி, சண்டை, சூதாட்டம் என்று படம் ஓட்டிவிட்டு, இயேசுவுக்கு அரை நிமிடம் ஒதுக்குவார்கள். முன்பு என்பதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சிறு வயதிலிருந்தே சபையில் வளர்ந்தவர்கள் "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லையே" என்று கவலைப்படுகிறார்கள். இல்லாத குடிப்பழக்கத்தை உண்டாக்க வேண்டாம். விசுவாசம் உண்மையில் தேவைப்பட்ட ஒரு வாரம் எல்லோருக்கும் இருக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவிலோ பரீட்சை முடிவு வந்த அன்றோ. அதைச் சொல்லுங்கள்.

எழுதியதைக் கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் வாசிப்பதாக நினைத்து ஒவ்வொரு சொல்லாக அடித்துத் திருத்துங்கள். பிறகு பேப்பரைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். மனப்பாடம் பண்ணி ஒப்பித்தால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாதிரிதான் இருக்கும்.

சரி, எப்போது பேசுவது? அவர் கேட்கும்போது. ஒன்று பேதுரு 3:15 சொல்வதும் அதுதான். காரணம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது, அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும். கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதிலை ஆரம்பிப்பது நம் பழக்கம். முதல் சந்திப்புகளில் நீங்கள் பேசுவதைவிட இரண்டு மடங்கு கேளுங்கள். மகள் கல்யாணம் தள்ளிப்போகிறது, மாமியார் படுத்த படுக்கை, பையன் வெளிநாட்டுக்குப் போய்ப் போன் பண்ணுவதில்லை என்று அவர்களே சொல்வார்கள். அந்த இடத்தில் "உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் நிஜமாகவே பண்ணி, அடுத்த வாரம் "பையன் பேசினானா?" என்று ஞாபகமாய்க் கேளுங்கள். கைப்பிரதி செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்யும்.

வீட்டுக்குப் போகிறதென்றால் சில நேரங்களைத் தவிர்த்தாக வேண்டும். விளக்கேற்றும் நேரம் கூடவே கூடாது, அதிலும் வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு நேரமும் ஆகாது. இரண்டு பேராகப் போங்கள். மாற்கு 6-ல் அனுப்பப்பட்டவர்களும் இரண்டிரண்டு பேர்தான். ஒருவர் பேச, மற்றவர் சும்மா இருக்க வேண்டும். இதுதான் நடப்பதில்லை. இருவரும் மாற்றி மாற்றிப் பேசினால் கேட்பவருக்கு விசாரணைக் கமிஷன் முன் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வீட்டில் பெண் மட்டும் தனியாக இருந்தால் ஆண்கள் வாசலோடு திரும்பிவிடுவது உத்தமம். காபி கொடுத்தால் குடியுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் சர்க்கரை வியாதி என்று நினைக்க மாட்டார்கள். நம் ஊரில் கை நனைக்காமல் போவதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. அரை மணி நேரத்துக்குமேல் உட்கார வேண்டாம்.

ஒரு கேள்வியை மட்டும் எந்த வீட்டிலும் கேட்காதீர்கள்: "இன்னைக்கு ராத்திரி நீங்க செத்துப்போனா எங்க போவீங்க?" அமெரிக்கப் பயிற்சி முறைகளிலிருந்து இறக்குமதியானது இது. அங்கே அது யோசிக்க வைக்கும் கேள்வியாக இருக்கலாம். நம் ஊரில் வாசல் ஏறி வந்து சாபம் விடுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் பேச்சு அத்தோடு சரி, நீங்கள் கிளம்பிய பிறகு அந்தத் திண்ணையைக் கழுவிவிடுவார்கள்.

நோயாளிக்காக ஜெபிப்பது தனிக் கலை. அனுமதி கேட்க வேண்டும், நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும். ஒரு நிமிடம், பேசும் குரலில். ஜெனரல் வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி கட்டளையிடுவதெல்லாம் வேண்டாம். தலையில் கை வைப்பதானால் அதற்கும் கேளுங்கள். "கண்டிப்பா சுகமாயிடும்" என்று வாக்குக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆள் உங்கள் குழுவில் இருந்தால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மிகைப்படுத்தவில்லை: இன்சுலினையும் வலிப்பு மாத்திரையையும் விசுவாசத்தின் பேரில் நிறுத்தினால் உயிரே போகும்.

பிரசாத விஷயம். கொழுக்கட்டையோ சுண்டலோ பக்கத்து வீட்டிலிருந்து வரும். வாங்கலாமா, சாப்பிடலாமா என்பதில் சபைக்குச் சபை போதனை வேறு. ஒன்று கொரிந்தியர் 8 முதல் 10 வரை வாசித்துவிட்டு இரண்டு பக்கமும் வாதாடுகிறவர்கள் உண்டு. நான் அதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சாப்பிட மாட்டேன் என்றால் முகத்தைச் சுளிக்காமல், "இது எங்க வீட்டுல வழக்கமில்லக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்கி வைத்துக்கொண்டு குப்பையில் போடுவதுதான் மோசம், அடுத்த நாள் காலை குப்பை வண்டிக்காரர் முன்னால் அவர்களும் நிற்பார்கள். டிசம்பரில் நாம் கொடுக்கும் கேக்கை அவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிடுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் கும்பிடுவதைக் கல், பேய், பிசாசு என்று பேசுவது தைரியம் இல்லை. எபேசுவில் பவுல் இரண்டு வருடத்துக்குமேல் போதித்தார். கலவரம் வெடித்தபோது அந்த ஊர் அதிகாரியே எழுந்து, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் இல்லை என்று சொன்னார், அப்போஸ்தலர் 19:37. உங்கள் தெருக்காரர் உங்களைப் பற்றி அப்படிச் சொல்வாரா என்று பாருங்கள்.

சட்டமும் இதில் சேருகிறது. அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையையும் சேர்த்தே தருகிறது, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு எல்லை போட்டது. உங்கள் நம்பிக்கையை எடுத்து விளக்கலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவதற்கென்று அடிப்படை உரிமை கிடையாது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் மாதிரி மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. அங்கே வேலைக்குப் போயிருப்பவர்கள் இங்கே பழகிய மாதிரி இருந்துவிட முடியாது. பிற மதத்தை வேண்டுமென்றே இழிவாகப் பேசினால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 299, 302 பிரிவுகள் எல்லா மாநிலத்திலும் பாயும்.

அரிசி மூட்டை, பள்ளிக் கட்டணம், வேலை இவற்றோடு சாட்சியைச் சேர்க்காதீர்கள். உதவி செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. உதவி செய்த கையோடு பைபிளை எடுக்காதீர்கள் என்கிறேன். கடன்பட்டவர் உங்களிடம் 'இல்லை' என்று சொல்ல முடியாது. 'இல்லை' சொல்ல முடியாதவரின் 'ஆமாம்' என்ன பெறும்? பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் பெற்றோருக்குத் தெரியாமல் பேசவே கூடாது.

கேள்விகள் வரும். "எல்லா சாமியும் ஒண்ணுதான், நானும் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கேன்" என்பது முதலில் வரும். அதை மறுத்து வாதாடாமல், "அங்க என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். பாதிக் கதை அதில் இருக்கும். "உங்க சர்ச்சிலயும் சாதி இருக்கே?" என்றால் "இருக்கு" என்று ஒரே சொல்லில் ஒத்துக்கொள்ளுங்கள். தனிக் கல்லறை, கல்யாணப் பேச்சில் சாதி, டயோசிஸ் தேர்தல் எல்லாம் பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. "வெள்ளைக்காரன் சாமி" என்பவரிடம் இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52-லேயே இந்தியாவுக்கு வந்தார் என்று ஆண்டுக் கணக்குச் சண்டை போட வேண்டியதில்லை. வைணவக் குடும்பத்தில் 1827-ல் பிறந்து, பிறகு கிறிஸ்தவரான தமிழாசிரியர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் பாடல்களைக் காட்டுங்கள், தமிழ் ரசனை உள்ளவர் வாங்கிப் படிப்பார். தெரியாத கேள்விக்கு, யோவான் 9-ல் பார்வை பெற்றவன் வழி இருக்கிறது. தன்னைக் குணமாக்கிய இயேசுவைப் பற்றிக் கேட்டபோது, அவர் பாவியோ என்னவோ எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், குருடனாயிருந்தேன், இப்போது பார்க்கிறேன் என்றான்.

ஆர்வம் தெரிந்தால் அன்றைக்கே கண்ணை மூடச் சொல்லி, வரிவரியாகத் திருப்பிச் சொல்ல வைக்கும் ஜெபத்துக்கு அவசரப்படாதீர்கள். நம் ஊர்க்காரர் விருந்தாளி மனம் நோகக்கூடாது என்று எதையும் திருப்பிச் சொல்வார். அடுத்த வாரம் போனால் வீட்டில் இல்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்வார். அதற்குப் பதில் மாற்கு நற்செய்தியைத் தனிப் புத்தகமாகக் கொடுங்கள். பதினாறு அதிகாரம், வாரம் நாலு அதிகாரம் என்றால் ஒரு மாதம். வாரம் ஒரு நாள் உட்கார்ந்து, எது புரியவில்லை, எது பிடித்தது, இயேசு எப்படிப்பட்ட ஆளாகத் தெரிகிறார் என்று மூன்று கேள்வி. நீங்கள் பிரசங்கம் பண்ண வேண்டாம். தினமும் காலை வாட்ஸப்பில் ரோஜாப்பூ போட்ட வசனப் படம் அனுப்பவும் வேண்டாம்.

வாசிக்கச் சோம்பல்படுகிறவருக்கு லூக்கா 15:11 முதல் 32 வரை போதும். அப்பா உயிரோடு இருக்கும்போதே பாகம் கேட்ட இளையவன் கதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவது மூத்தவன் வரும்போதுதான். வீட்டுக்குள் மேளதாளம், அவன் உள்ளே வராமல் வெளியே நிற்கிறான். மண்டபத்து வாசலில் முறுக்கிக்கொண்டு நிற்கும் பங்காளி இல்லாத கல்யாணம் எது? விருந்தை விட்டுவிட்டு அந்த அப்பா வெளியே வந்து அவனையும் கெஞ்சிக் கூப்பிடுகிறார். அதோடு கதை நின்றுவிடுகிறது, மூத்தவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். அவர்கள் பேசட்டும்.

ஞானஸ்நானம் வரை வந்தால் ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருப்பவர் கிறிஸ்தவரானால், 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி அந்தத் தகுதி போய்விடும். இந்துக்கள், சீக்கியர், பௌத்தர் மூவருக்குத்தான் அது உண்டு. தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பழைய சான்றிதழையே வைத்துக்கொள்ளலாம் என்று சபையில் யாராவது யோசனை சொன்னால் நம்ப வேண்டாம். 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், நம்பிக்கை ஒன்றும் சான்றிதழ் வேறொன்றுமாக இருப்பதை அரசியல் சாசனத்துக்குச் செய்யும் மோசடி என்றே சொல்லிவிட்டது. பிள்ளையின் காலேஜ் சீட்டும் அரசு வேலையும் இதில் அடங்கியிருக்கிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, எத்தனை மாதம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு "இதெல்லாம் வேண்டாம் அண்ணே" என்று அவர் சொல்லலாம். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். மறுநாள் அவர் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் போய்த் தள்ளிவிடுங்கள், அப்போது வசனம் சொல்லாமல்.